டயப்பர் இல்லாத மேனேஜர்

என் தம்பியைக் கெட்டிக்காரன் என்று நான் சொன்னால் அவனே நம்ப மாட்டான். சின்ன வயதிலிருந்தே அவனை டியூப்லைட் என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுவான், எங்கேயோ பார்ப்பான், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கம்மி, வாயும் கொஞ்சம் நீளம். இதையெல்லாம் மறைத்து எழுதி நல்ல பெயர் வாங்க நான் ஆசைப்படவில்லை. இந்தக் கதையில் மூக்குடைபட்டவளே நான்தான்.

மெயின் ரோட்டிலிருந்து தொழிற்பேட்டைக்குத் திரும்பும் வளைவில் அவனுடைய பஞ்சர் கடை. அதை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவன் கம்ப்ரெசரைப் போட்டால் என் மிஷினில் பேப்பர் நடுங்கும். வாசலில் லாரி டயர் அடுக்கு, உள்ளே பாதியாக அறுத்த டிரம்மில் தண்ணீர், சுவரோரம் ஜாக்கியும் நீளக் கம்பிகளும், எந்நேரமும் ரப்பர் பசை வாசனை. காற்றடித்த டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். மற்ற கடைக்காரர்கள் குமிழியைப் பார்த்ததும் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். இவன் ஒட்டிய பிறகும் இன்னொரு சுற்று முக்கிப் பார்ப்பான். ஒரே ஆணி இரண்டு இடத்தில் கடித்திருக்கும் என்பான். பல நாள் அது உண்மையாகவும் இருக்கும். அதனால் அவசரக்காரர்கள் எதிர்க் கடைக்குப் போவார்கள், மறுநாள் அதே டயரை உருட்டிக்கொண்டு இவனிடம் வருவார்கள்.

அவன் மனைவி, அதே ரோட்டுக் கடைசியில் இருக்கும் குழாய்த் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறாள். கூரையை ஒட்டி, நாற்பதடி உயரத்தில் ஓடுகிற கிரேன். ஒன்பது வருஷம் கீழே தரையில் குனிந்து குழாய்களுக்குப் பெயின்ட்டில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தவள். மூன்று தடவை தேர்வு எழுதி மூன்று தடவையும் கழித்துக் கட்டினார்கள். நான்காவது தடவை தேறி மேலே ஏறினாள். அங்கே கிரேன் ஏறிய முதல் பெண் அவள்தான். முதல் நாள் இறங்கி வந்து என்னிடம் சொன்னாள், "அண்ணி, மேல இருந்து பாத்தா எல்லாருக்கும் வழுக்கை தெரியுது." சொல்லிவிட்டு அழுதாள். அந்த இருக்கை அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது வருஷம் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாத விடுப்பு முடிந்ததும் தொழிற்சாலை வளாகத்திலேயே இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தார்கள். உள்ளே நுழையும் இடத்தில் விதிகள் ஒட்டியிருந்தன; பால் புட்டி இரண்டு, மாற்றுத் துணி இரண்டு, டயப்பர் ஆறு. பத்தே நாளில் பாப்பாவின் தொடை இடுக்கு சிவந்து, தோல் உரிந்து, தொட்டாலே வீறிட்டது. களிம்பு தடவினால் ஆறும், மறுபடி டயப்பர் போட்டால் மறுபடி வரும். மூன்றாவது தடவை டாக்டர் களிம்பே எழுதவில்லை.

"இந்தத் தோலுக்கு டயப்பர் ஒத்துக்கல. கொஞ்ச மாசத்துக்கு நெனச்சுக்கூடப் பாக்காதீங்க. காத்து படட்டும்," என்றார்.

காப்பகத்து மேடத்திடம் போய்ச் சொன்னார்கள். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, ஆனால் விதி விதிதான். "பதினாலு குழந்தைங்க தவழ்ற தரைங்க இது. டயப்பர் இல்லாம எப்படி எடுத்துப்பேன்?" என்றார்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் குழந்தைக்கு விசிறிக்கொண்டே, "நான் கிரேனை விட்டு எறங்கிடறேன் அண்ணி. வேற வழியில்ல," என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருந்ததா? "கொழந்தையவிட சீட்டா பெருசு? அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி வைத்தேன்.

தம்பி இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினான்.

"அவ எறங்க வேணாம். பாப்பா என்கூட கடைக்கு வரட்டும்."

"டயப்பர் இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

"அப்ப நாள் பூரா துணி அலசிக்கிட்டே இருக்கப் போறியா, பஞ்சர் ஒட்டப் போறியா?"

"எப்பப் போவாள்னு பாத்துக்கறேன்க்கா," என்றான். ஏதோ பஸ் எப்போது வரும் என்று பார்ப்பவனைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் இரண்டு பிள்ளைகளும் மூன்றரை வயது வரை டயப்பரில் இருந்தவர்கள். ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்கு வருவதை அறிவிப்புப் பலகை வைத்தா சொல்லும்?

மறுநாளே ஸ்கூட்டர் டியூப் ஒன்றில் பாதிக் காற்று அடித்து, பழைய வேட்டியைச் சுற்றி, நடுவில் மெத்தை போட்டு, கடையின் உள்பக்கம் காற்றோட்டமான மூலையில் பாப்பாவை உட்கார வைத்துவிட்டான். அவள் அதில் சாய்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவன் எல்லோரையும் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு லாரி டிரைவர், "யாருப்பா இது, புது மேனேஜரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த ரோட்டில் அவள் பெயர் மேனேஜர்.

முதல் வாரம் அவன் ஒன்றுமே செய்யவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். எப்போதும் இறக்கியே கிடக்கும் பக்கவாட்டு ஷட்டரின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டான். தூங்கி எழுந்தால் ஒரு கோடு, பால் குடித்தால் ஒரு வட்டம், நனைத்தால் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் மணி. நனைந்த துணியை மாற்றிவிட்டு மறுபடி பார்ப்பான். ஷட்டர் முழுக்கக் குறிகளாகிவிட்டன. வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

"என்னண்ணே, ஷேர் மார்க்கெட்ல எறங்கிட்டீங்களா?"

"இல்ல. பாப்பா மூச்சா போற டைமு."

கேட்டவர்கள் அதை அடுத்த டீக்கடை வரை கொண்டு போனார்கள். எனக்கு மானம் போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அந்த வாயைத் திறந்துவிட்டவன் என் தம்பியாக இருக்க வேண்டுமா?

எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ஒரு நிமிஷம் வா. அவ மூஞ்சியப் பாரு."

மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். சட்டென்று தட்டுவதை நிறுத்தினாள். கண் ஒரே இடத்தில் நின்றது. இடது கால் இரண்டு தடவை உதைத்தது. தோள் லேசாகச் சிலிர்த்தது. தம்பி அவளைத் தூக்கினான். முதுகை அவன் மார்பில் சாய்த்து, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் பேசினுக்கு மேலே குத்த வைத்தான். வாயால் "உஸ்ஸ்ஸ்" என்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பேசினில் சத்தம் கேட்டது.

நான் அசந்துதான் போனேன். ஆனால் ஒப்புக்கொள்வேனா? "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைடா," என்று சொல்லிவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பனம்பழம் விழுந்தது. தூங்கி எழுந்த உடனே ஒரு தடவை, பால் குடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு தடவை, ஆய்க்கு முகம் சிவந்து முக்கும்போது ஒரு தடவை. தப்பியதும் உண்டு. தப்பினால் துடைப்பான், துணியை மாற்றுவான், அவளைப் பார்த்துச் சிரிப்பான். பேசினுக்கு மேலே பிடித்து ஒரு நிமிஷத்தில் வரவில்லை என்றால் இறக்கி விட்டுவிடுவான். "இன்னும் கொஞ்ச நேரம் பிடியேன்டா," என்று நான் சொன்னபோது, "புடிச்சு வெச்சா அவளுக்கு அது தண்டனையாயிடும்க்கா. அப்புறம் பேசினைப் பாத்தாலே அழுவா," என்றான். மூன்றாவது வாரம் அவன் "உஸ்ஸ்" என்றாலே அவளுக்கு வந்தது. புண் எல்லாம் ஆறி, தோல் பட்டு மாதிரி ஆகிவிட்டது. அவன் மனைவி ஷிப்டு முடிந்து கடைக்கு வந்து ஷட்டரைப் பார்ப்பாள். பெருக்கல் குறி குறையக் குறைய அவள் முகத்தில் ரத்தம் ஊறியது.

நான்காவது வாரம் எல்லாம் தலைகீழாகப் போனது.

அன்று தம்பி ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்தான். மேனேஜரை என் கவுன்டரில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் பட்டச் சான்றிதழின் ஒரிஜினலை நகலெடுக்கக் கொண்டு வந்து, பயபக்தியோடு கவுன்டரில் வைத்தார். நான் ஒரு கையால் மிஷின் மூடியைத் திறந்தேன். அதற்குள் மேனேஜர் தன் வேலையை முடித்துவிட்டாள். பல்கலைக்கழக முத்திரைக்கு மேலேயே ஒரு சின்னக் குளம்.

வாத்தியார் கைக்குட்டையை எடுத்து முத்திரையைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "நல்ல வேளை, லேமினேட் பண்ணியிருந்தேன்," என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று மட்டும் பதினோரு தடவை. மறுநாள் பன்னிரண்டு. காலும் உதைக்கவில்லை, கண்ணும் நிற்கவில்லை, ஓர் அறிகுறியும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போனாள். எனக்கோ வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. "உன் வித்தையெல்லாம் மூட்டை கட்டு. கொழந்தைக்கு என்னமோ ஆயிடுச்சு. முதல்ல டாக்டர்கிட்ட ஓடு," என்றேன். நீர்க்கடுப்போ என்னவோ என்று அவனுக்கும் சந்தேகம் வந்தது. ஓடினான். சோதனை செய்து பார்த்த டாக்டர், ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அவன் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டாள். மறுபடி கிரேனை விட்டு இறங்குகிற பேச்சு வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. வீட்டில் பாப்பா ஆறே தடவைதான் போனாள், ஆறும் பேசினில். திங்கட்கிழமை கடை திறந்ததும் பழையபடி ஆரம்பித்தது. தம்பி அந்த ஷட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தன் குறிகளையே பார்த்தான். ஒரு மணி நேரம் பார்த்தான். வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார், காதில் விழவில்லை. பிறகு எழுந்து வந்து சுவரைத் தட்டினான்.

"அக்கா, வா. ஒன்னு காட்டறேன்."

மேனேஜர் தன் இருக்கையில் இருந்தாள், துணி காய்ந்திருந்தது. தம்பி ஒரு டயரின் வால்வில் பின்னைக் கழற்றினான். உள்ளே இருந்த காற்று முழுக்க "உஸ்ஸ்ஸ்ஸ்" என்று வெளியே வந்தது. மேனேஜர் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, அப்பனை நேராகப் பார்த்து, ரொம்ப ஒழுங்காகத் துணியை நனைத்தாள்.

பஞ்சர் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டயருக்குக் காற்றிறக்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்? உஸ் என்றால் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவன் இவன். சொன்னதை அப்படியே கேட்டவள் அவள். உலகத்தில் வேறெந்த அப்பனுக்கும் இந்தத் தப்பு செய்ய வராது. தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அரை மணி நேரத்துக்கு எங்கள் இரண்டு கடையிலும் வியாபாரம் நடக்கவில்லை.

அதன் பிறகு உஸ்ஸுக்கு முழுக்குப் போட்டான். பேசினுக்கு மேலே பிடித்ததும் வயிற்றில் இரண்டு விரலால் மெல்லத் தட்டி, "ம்ம்ம்" என்று முனகுவான். காற்றிறக்க வேண்டி வந்தால் முதலில் அவளை என்னிடம் கொடுப்பான். நான் பாட்டுப் பாடி, கைதட்டி, சத்தத்தை மறக்கடிக்க வேண்டும். என் பாட்டைக் கேட்டால் எதுவும் மறந்துபோகும். பத்துப் பன்னிரண்டு நாளில் பழைய வழக்கம் போய்ப் புதியது ஒட்டிக்கொண்டது. அவளுக்கு எட்டரை மாதம் நடந்தபோது ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷட்டரில் ஒரு பெருக்கல் குறி கூட இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் நான் கட்சி மாறினேன்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒன்பதாம் மாதக் கடைசியில் மேனேஜர் தவழ ஆரம்பித்தாள். ஒரு நாள் மதியம் டியூப் இருக்கையைத் தாண்டி, தரையில் கிடந்த ஒரு வால்வு பின்னை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தம்பி பார்த்துவிட்டான், விரலை விட்டு எடுத்துவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் முகம் வெளுத்துவிட்டது. கையில் அந்தப் பின்னை வைத்துக்கொண்டு, "இனிமே இவ இங்க இருக்கக் கூடாதுக்கா," என்றான். ஆணியும் கம்பியும் பசையும் கிடக்கிற இடம். அவன் சொன்னது சரிதான். என் கடையோ ஐந்தடி அகலம், வாசலை விட்டு இறங்கினால் ரோடு.

அவன் மனைவி பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். பதினோராம் நாளான திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரவில்லை என்றால் கிரேன் அடுத்த ஆளுக்கு என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். மறுபடியும் அதே காப்பகம்தான் வழி. தம்பி குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். ஷட்டரில் இருந்ததையெல்லாம் தினமும் ஒரு நோட்டில் ஏற்றி வைத்திருந்தான், அதையும் எடுத்துக்கொண்டான். இவன் போய் என்ன பேசுவான் என்று நானும் கூடப் போனேன்.

மேடம் நோட்டைப் புரட்டினார். "என்னங்க இது? கொழந்தை ஒன்னுக்குப் போனதுக்கு ரெஜிஸ்டரா?"

"ஆமாங்க. கடைசி பதினெட்டு நாள்ல ரெண்டே தடவதான் தரையில."

பக்கத்தில் நின்ற ஆயாம்மா இடுப்பில் கை வைத்தாள். பதினான்கு குழந்தைகளைத் தனி ஆளாகப் பார்ப்பவள். "தம்பி, உங்களுக்கு ஒரு புள்ள. நீங்க அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கலாம். நான் பதினாலு மூஞ்சியப் பாக்கணும். இதுக்குக் கால் ஒதறுதா, அதுக்குத் தோள் சிலுக்குதான்னு எங்க நின்னு பாப்பேன்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. தம்பியும் தலையாட்டினான். "நீங்க சொல்றது நியாயந்தாம்மா. நான் பாத்தா மட்டும் போதாது. அவளாச் சொல்லணும்."

"பத்து மாசத்துப் புள்ள எப்படிச் சொல்லும்?"

தம்பி இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினான். "மூணு நாள் குடுத்துப் பாருங்க. மூணாவது நாளும் தரை நனைஞ்சா நானே கூட்டிட்டுப் போயிடறேன்," என்றான். மேடம் நோட்டை இன்னொரு தடவை புரட்டினார். எதைப் பார்த்தாரோ, புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் கொடுத்தார். முதல் நாள் மட்டும் அப்பா கூட இருக்கலாம். மற்ற இரண்டு நாளும் கேட்டுக்கு வெளியே.

புதன்கிழமை படு தோல்வி. புது இடம், புது முகங்கள். அப்பன் பேசினுக்கு மேலே பிடித்தபோதெல்லாம் மேனேஜர் இறுக்கி வைத்துக்கொண்டாள், இறக்கிவிட்ட பிறகு பாயில் விட்டாள். இரண்டு தடவை. வியாழக்கிழமை அவன் வெளியே, அவள் உள்ளே. ஒரு தடவை பாய் நனைந்தது. மற்ற நேரங்களில் ஆயாம்மா நோட்டைப் பார்த்து, தூங்கி எழுந்ததும் பால் குடித்ததும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பாவம், மனசு வைத்துத்தான் செய்தாள். "மத்த நேரமெல்லாம் சும்மா உக்காந்து எல்லாத்தையும் வேடிக்கை பாக்குது. ஒரு சத்தம் கெடையாது," என்று சாயங்காலம் அலுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் கடையைத் திறக்கவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தம்பி அசையாமல் இருந்தான். அவன் மனைவியால் உட்கார முடியவில்லை. வேலி ஓரமாக நடந்துகொண்டே இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஷெட்டின் பெரிய கதவு வழியாகக் கிரேன் தெரியும். மேலே வேறு ஒருவன் இருந்தான்.

"பாருங்க அண்ணி, லோடை எப்படி ஆட்டறான்னு. கீழ நிக்கறவன் தலையில இடிச்சிரும்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டட்டும். திங்கக்கெழமையில இருந்து அவன் பாடு," என்றாள். பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. "நான் அப்ப அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. உன் சீட்டும் பெருசுதான்," என்றேன். அவள் கையை விடவில்லை.

பன்னிரண்டு மணி ஆனது. இரண்டு மணி ஆனது. டீக்கடைக்காரர் எங்களுக்காகவே புதிதாகப் பால் காய்ச்சினார். மூன்றரை மணிக்குக் காப்பகத்துக் கதவு திறந்து, ஆயாம்மா மேனேஜரை இடுப்பில் வைத்துக்கொண்டு வேக வேகமாகக் கேட்டை நோக்கி வந்தாள். பின்னால் மேடம். நான்கு மணிக்குத்தான் விட வேண்டும், முன்னாலேயே வருகிறார்கள் என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உயிரே போனது. தம்பி எழுந்து நின்றான்.

"யோவ் பஞ்சர்க்கார தம்பி, இதை நீ சொல்லிக் குடுத்தியா?" என்றாள் ஆயாம்மா.

"எதம்மா?"

"கதவைத் தட்டறத."

அவனுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. ஆயாம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். காப்பகத்தில் பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் மேலே இருக்கிறது. நடக்கிற பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் அந்தக் கதவைப் படபடவென்று தட்டுவார்கள், ஆயாம்மா ஓடிப்போய்த் திறந்துவிடுவாள். இரண்டு நாளாக ஒரு மூலையில் உட்கார்ந்து மேனேஜர் இதைத்தான் பார்த்திருக்கிறாள். இன்று காலை பத்தரை மணிக்கு, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, பந்தை ஒதுக்கி, ஒரு பையனின் கால் மேல் ஏறி, அறை முழுக்கத் தவழ்ந்து போய், அந்தக் கதவில் இரண்டு கையாலும் அடித்திருக்கிறாள்.

"யாரு தட்டறதுன்னு திரும்பிப் பாத்தா, இந்தப் பொடிசு. என்னையே மொறைச்சுப் பாக்குது. என்னடி, கதவத் தெறக்க மாட்டியாங்கற மாதிரி. தூக்கிக்கிட்டு ஓடினேன். உள்ள போனதும் போயிடுச்சு. நாலு தடவ தட்டுச்சு தம்பி. நாலு தடவையும். கடைசித் தடவ ஆய். தரையில ஒரு சொட்டு இல்ல."

தம்பி ஆயாம்மாவையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் சொல்லிக் குடுக்கலம்மா," என்றான். "அவளே கண்டுபுடிச்சிருக்கா." முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, தொழிற்சாலை கேட்டில், அத்தனை பேர் பார்க்க, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அவனைக் கேலி செய்யவில்லை. என் கண்ணைத் துடைக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

மேடம் அவன் மனைவியைப் பார்த்தார். "திங்கக்கெழமை ஏழே முக்காலுக்குக் கொண்டு வந்து விட்டுடுங்கம்மா. மாத்துத் துணி ரெண்டு போதும்." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "உள்ள இன்னும் மூணு குழந்தைங்களுக்கு இதே மாதிரி புண்ணுங்க. அவங்க அப்பா அம்மாவை வரச் சொல்றேன். ஒரு நாள் வந்து நீங்க செஞ்சதைச் சொல்லிட்டுப் போக முடியுமா?"

"எனக்குப் பேச வராதுங்க," என்றான் தம்பி.

"நான் பேசறேங்க," என்றேன் நான். "அவன் செஞ்சு காட்டட்டும்."

திங்கட்கிழமை காலை, மேனேஜர் ஆயாம்மாவின் இடுப்பில் ஏறி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். எட்டு மணிச் சங்கு ஊதியது. நானும் தம்பியும் வேலி ஓரம் நின்றோம். அவன் மனைவி இரும்பு ஏணியில் ஏறுவது தெரிந்தது. ஒரு படியில் கூட நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிரேன் நகர்ந்தது. இருபது குழாய்கள் கட்டிய கட்டு தரையிலிருந்து எழும்பி, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஓர் ஆட்டம் இல்லாமல் போய் இறங்கியது. கீழே நின்றவர்களில் யாரோ கைதட்டினார்கள். நான் தொண்டை கிழிய ஒரு விசில் அடித்தேன், காவலாளி என்னை முறைத்தார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் தம்பி இல்லை. ரோட்டின் மறுகோடியில் கடை வாசலில் ஒரு லாரி காத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஜாக்கியை எடுக்கப் போய்விட்டான்.